மடிந்த கணுக்காலுக்குள் ஓர் உயிரியல் பாடம்: அத்லெட்டிக் ட்ரெய்னிங் படிப்பு என்றால் என்ன?

கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளுக்குத் தெரியும், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்காக எம்பிக் குதிப்பதில் ஆபத்து இல்லை, இறங்குவதில்தான் இருக்கிறது. இறங்கும் இடத்தில் இன்னொருவனின் சப்பாத்து இருந்தால் பாதம் உள்ளே மடியும். ‘டக்’கென்று ஒரு சத்தம். பையன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடப்பான்.

அடுத்த ஐந்து நிமிடத்தில் மட்டக்களப்பு மைதானங்களில் என்ன நடக்கும் என்பதைப் பல தடவை பார்த்துவிட்டேன். ஒருவர் ஐஸ் வாங்க ஓடுவார். ஒருவர் “காலை நீட்டு மனே” என்று சொல்லிக்கொண்டே பாதத்தைப் பிடித்து இழுப்பார். ஒருவர் எண்ணெய் போட்டு உருவச் சொல்வார். ஒருவர் முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியாரின் வீட்டுக்கு வழி சொல்வார். ஒருவர் “ஒன்றுமில்லை, எழும்பி நட” என்பார். எல்லோரும் பிள்ளைமேல் உள்ள அன்பில்தான் செய்கிறார்கள். ஆனால் உள்ளே சேதமானது எது, என்பு முறிந்திருக்குமா, இப்போது நடக்கலாமா, மறுபடி எப்போது ஆடலாம் என்ற நான்கு கேள்விகளுக்கும் அந்தக் கூட்டத்தில் விடை இருக்காது. அந்தக் கேள்விகளுக்கு மைதானத்தின் ஓரத்திலேயே விடை தேடப் படித்தவர்தான் அத்லெட்டிக் ட்ரெய்னர்.

நான் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் கூடைப்பந்து அணியோடு நிற்கிறேன். காலையில் கரும்பலகையில் வரைந்ததைப் பின்னேரம் ஒரு பிள்ளையின் வீங்கிய காலில் காண்பது எனக்குப் பழகிவிட்டது. இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டும் ஒரு படிப்பு உலகத்தில் இருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ட்ரெய்னர் என்றால் நம் நினைவுக்கு வருவது ஜிம்மில் பாரம் தூக்கப் பழக்குபவர், அல்லது அணியின் பயிற்றுநர். அத்லெட்டிக் ட்ரெய்னர் இவர்களில் யாரும் இல்லை. பயிற்றுநர் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுப்பார். அத்லெட்டிக் ட்ரெய்னர் ஆடுகிற உடம்பைப் பார்த்துக்கொள்வார். காயம் வராமல் தடுப்பது, வந்தால் அந்த இடத்திலேயே மதிப்பிடுவது, அவசரச் சிகிச்சை செய்வது, பிறகு வாரக்கணக்கில் கூட இருந்து மீட்டெடுப்பது, எல்லாம் அவர் வேலை. இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) நாம் பெரும்பாலும் காயப்பட்டுச் சில நாள் கழித்துப் போகிறோம். அத்லெட்டிக் ட்ரெய்னரோ காயம் நடக்கும்போதே அங்கே நிற்கிறார், மருத்துவர் ஒருவருடன் இணைந்து வேலை செய்கிறார். அமெரிக்காவில் இந்தத் துறையினரின் தேசியச் சங்கம் 1950 இல் கன்சாஸ் சிட்டியில் தொடங்கியது. 1990 இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதைச் சுகாதாரத் தொழில்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. கனடாவில் இதே வேலையைச் செய்பவரை அத்லெட்டிக் தெரபிஸ்ட் என்பார்கள்.

கூடைப்பந்தும் அமெரிக்காவில் பிறந்ததுதான். 1891 இல் அதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித் உடற்கல்வி ஆசிரியர், பின்னர் மருத்துவமும் படித்துப் பட்டம் பெற்றார். அந்த ஆட்டத்தை மட்டக்களப்பில் வேரூன்ற வைத்தவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள். அவர்களில் வெபர் அடிகளின் பெயரில் நமக்கு ஒரு மைதானமே இருக்கிறது. ஆட்டம் கடல் கடந்து வந்து நம்முடையதாகிவிட்டது. ஆடுகிறவர் உடம்பைப் பார்க்கும் படிப்பு மட்டும் கூடவே வரவில்லை.

சரி, அந்தப் பையனின் கணுக்காலுக்கு வருவோம். இந்தப் படிப்பு எப்படிப்பட்டது என்பதை அந்தக் காலே சொல்லிவிடும்.

கணுக்காலின் வெளிப்பக்கத்தில் கைக்கு அகப்படும் உருண்டை, கணைக்கால் வெளியென்பின் கீழ்முனை. அங்கிருந்து மூன்று நார்க்கட்டுகள் பாதத்து என்புகளுக்குப் போகின்றன. லிகமென்ட் என்று படித்தவர்கள் சொல்வதைத்தான் ஊரில் “சவ்வு” என்கிறோம். ஒன்று முன்னுக்கு, ஒன்று கீழுக்கு, ஒன்று பின்னுக்கு. முன்பக்கத்தில் இருப்பதுதான் மூன்றிலும் பலம் குறைந்தது. பாதம் உள்ளே மடியும்போது முதலில் இழுபடுவதும் அதுதான். அதனால் பையன் வலிக்கிறது என்று விரல் வைக்கும் இடத்தைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம்.

இந்த நார் எதனால் ஆனது? கொலாஜன் என்ற புரதத்தால். உயர்தரத்தில் புரதங்களைப் படிக்கும்போது கொலாஜனின் அமைப்பையும் படிக்கிறோம், மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய வடிவம். வாவிக்கரையில் வள்ளம் கட்டும் கயிற்றைக் கிட்டப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. புரி புரியாக முறுக்கினால்தான் இழுவையைத் தாங்கும். உடம்பும் அதையே செய்கிறது. அந்தக் கயிற்றில் சில இழைகள் மட்டும் நைந்தால் முதலாம் தரச் சுளுக்கு, பாதியளவில் கிழிந்தால் இரண்டாம் தரம், முழுதாக அறுந்தால் மூன்றாம் தரம். இந்த முறுக்கைச் சரியாகப் போட உடம்புக்கு விற்றமின் சி வேண்டும். முன்காலத்துக் கடலோடிகளுக்கு ஸ்கர்வி வந்து பல் முரசு கரைந்ததும் இந்தக் கயிறு அவிழ்ந்ததால்தான்.

வீக்கம் எங்கிருந்து வருகிறது? சேதமான இடத்தில் சில கலங்கள் ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தை வெளியிடுகின்றன. சிறிய குருதிக்கலன்கள் விரிகின்றன, அவற்றின் சுவரில் இடைவெளி கூடுகிறது, திரவம் வெளியே கசிகிறது. வெண்குழியங்கள் பின்தொடர்ந்து வந்து உடைந்த துண்டுகளைத் தின்று துப்புரவு செய்கின்றன. நிர்ப்பீடனம், அதாவது நோய் எதிர்ப்பு, என்ற அலகில் அழற்சி என்று நான் படிப்பிப்பது இதைத்தான். பிள்ளைகள் அதைப் பரீட்சைக்காகப் பாடமாக்குகிறார்கள். அவர்களின் கணுக்காலிலேயே அது நடந்துகொண்டிருக்கிறது.

முதல் சில நாட்கள் இந்தத் துப்புரவு. அதன்பின் நார் செய்யும் கலங்கள் வந்து புதிய கொலாஜனைப் போடத் தொடங்குகின்றன. அவசரத்துக்குப் போடுவதால் அது மெல்லியது, மூன்றாம் வகைக் கொலாஜன், ஒழுங்கில்லாமல் எல்லாப் பக்கமும் கிடக்கும். வாரங்கள் போகப் போக அதன் இடத்தைத் தடிப்பான முதலாம் வகை எடுத்துக்கொள்ளும். அந்த இழைகள் எந்தத் திசையில் அடுக்கப்படும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கால் சுமக்கும் பாரம். அளவாக அசைத்தால் இழைகள் இழுவையின் திசைக்கு ஒழுங்காகும். முழுதாக அசையாமல் வைத்திருந்தால் தாறுமாறான தழும்பாகவே நின்றுவிடும். இந்த மூன்றாம் கட்டம் முடிய பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம் வருகிறது. வலி இரண்டு வாரத்தில் போய்விடும். நார் இரண்டு வாரத்தில் ஆறாது. வலி போனதையே ஆறியதாக எடுத்துக்கொண்டு மைதானத்துக்குத் திரும்பும் பிள்ளை அரைகுறைக் கயிற்றோடு குதிக்கிறது. கணுக்கால் மடிவதற்கான மிகப் பெரிய காரணங்களில் ஒன்று, முன்பும் அது மடிந்திருப்பது.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நார்க்கட்டுக்குள் உணர்வு நரம்பு முனைகள் இருக்கின்றன. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை அவை மூளைக்கு ஓயாமல் அறிவிக்கின்றன. நார் கிழியும்போது இந்த அறிவிப்பும் கெடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று பாருங்கள். முன்பு காயப்பட்ட காலில் நிற்பது பலருக்குக் கஷ்டமாக இருக்கும். கண் உதவிக்கு வராதபோது மூட்டு தரும் செய்தி போதவில்லை என்று அர்த்தம். ஆகவே மீட்பு என்பது வீக்கம் இறங்குவதும் வலி நிற்பதும் மட்டும் இல்லை. ஒற்றைக்கால் நிலை, அசையும் பலகைமேல் நிற்பது, சிறிய துள்ளல், பிறகு திசை மாற்றி ஓடுவது என்று படிப்படியாக அந்த உணர்வைத் திரும்பப் பழக்க வேண்டும். அத்லெட்டிக் ட்ரெய்னரின் நாளில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பொறுமையான வேலைதான். தொலைக்காட்சியில் மைதானத்துக்குள் ஓடி வரும் காட்சி அதில் மிகச் சிறிய துண்டு.

என்பு முறிந்திருக்குமா என்ற கேள்வி மிச்சம். 1992 இல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் இதற்கென்று சில எளிய விதிகளை வெளியிட்டார்கள். ஊர்ப்பெயராலேயே அவை அழைக்கப்படுகின்றன. கணுக்காலின் இரு பக்க உருண்டைகளின் நுனியிலோ, பின்விளிம்பில் கீழிருந்து 6 சென்டிமீற்றருக்குள்ளோ என்பை அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் நடுவே சின்ன விரல் பக்கம் துருத்தி நிற்கும் என்பில் வலியா? பெருவிரல் பக்கம், பாத வளைவின் மேலே உள்ள என்பில் வலியா? காயப்பட்ட உடனேயும், பிறகு பரிசோதிக்கும்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? கணுக்கால் பக்கமோ நடுப்பாதத்திலோ நோவோடு இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சிறு பிள்ளைகளில் இன்னும் கவனம் தேவை. வளரும் வயதில் என்பின் முனைக்கருகே, என்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. சில நேரம் நார்க்கட்டைவிட அந்தத் தட்டுத்தான் பலம் குறைந்தது. பெரியவருக்குச் சுளுக்காக முடிவது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வளர்ச்சித் தட்டின் காயமாக இருக்கலாம்.

பரியாரியாரின் கையை நான் குறைத்துச் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக வந்த அனுபவம் அது. ஆனால் முறிவு இல்லை என்று உறுதியாகும் முன் காலை இழுப்பதும், குருதிக்கலன்கள் கசிந்துகொண்டிருக்கும் முதல் இரண்டு நாளில் அழுத்தி உருவுவதும் ஏன் தவறு என்பதற்கு மேலே சொன்ன உயிரியலே காரணம். ஐஸ் கதையும் இப்படித்தான். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978 இல் ஒரு சூத்திரமாக்கியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். முழு ஓய்வும் ஐஸும் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014 இல் அவரே திருத்தி எழுதினார். வலியைக் குறைக்க ஐஸ் உதவும், துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைக்கலாம். அது காயத்தை ஆற்றும் மருந்து என்று நினைக்கத் தேவையில்லை.

ஒரு கணுக்காலிலேயே இவ்வளவு. உடற்கூறு, புரத இரசாயனம், நிர்ப்பீடனம், நரம்புத் தொகுதி, விசை பற்றிய பௌதிகம் எல்லாம் வந்துவிட்டன. இந்தப் படிப்பு உயிரியலின் ஒரு பக்கக் கிளை இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். உயிரியல் முழுவதையும் மைதானத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

அடுத்தது வெயில். கிழக்கில் வாழ்கிறவர்களுக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான பாடம் என்பது என் எண்ணம்.

தசை வேலை செய்யும்போது உணவின் சக்தியில் நான்கில் ஒரு பங்கோ அதைவிடக் குறைவோதான் அசைவாகிறது. மீதி வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற உடம்பு நம்பியிருப்பது வியர்வையை. வியர்வை வடிவதால் உடம்பு குளிராது, ஆவியாவதால்தான் குளிரும். ஒரு லீற்றர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் போகும். இப்போது நம் ஊரின் இரண்டு வெயிலையும் பாருங்கள். மார்ச், ஏப்ரலில் காற்றில் ஈரப்பதன் நிறைந்திருக்கும், வியர்வை ஆவியாகாமல் சொட்டும். தண்ணீரும் இழக்கிறோம், குளிர்ச்சியும் கிடைப்பதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலைமை வேறு. வரண்ட காற்று வியர்வையை உடனே உறிஞ்சிவிடும். தோல் காய்ந்தே இருப்பதால் பிள்ளைக்குத் தான் எவ்வளவு தண்ணீர் இழந்தோம் என்றே தெரியாது. ஒரே மைதானம், ஒரே பிள்ளை, காரணம் மட்டும் வேறு வேறு.

உடல் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான பரிவகக்கீழ் (ஹைப்போதலமஸ்) பற்றிப் படித்திருக்கிறோம். கடும் உழைப்பில் உள் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டி, அதோடு பிள்ளை குழம்பிப் பேசினால், தள்ளாடினால், விழுந்தால், அது வெப்பத் தாக்கு. சாதாரணக் களைப்பு என்று மரநிழலில் படுக்கவைத்துவிட்டு இருக்கக் கூடாது. இந்தத் துறையில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விதி: முதலில் குளிரச் செய், பிறகு வைத்தியசாலைக்கு அனுப்பு. அம்புலன்சுக்கு உடனே அழைக்க வேண்டும், ஆனால் அது வரும்வரை சும்மா இருக்கக் கூடாது. குளிர்ந்த நீரில் கழுத்துவரை அமிழ்த்துவதுதான் மிக வேகமான வழி. தலை தண்ணீருக்குள் போகாமல் ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். தொட்டி இல்லாத இடத்தில் கிணற்றுத் தண்ணீரை விடாமல் ஊற்றி, ஐஸ் துணிகளை மாற்றி மாற்றி வைத்து விசிறலாம். முதல் 30 நிமிடத்துக்குள் வெப்பத்தை இறக்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

தடுப்பது இதைவிடச் சுலபம். வெயிலில் படிப்படியாகப் பழகினால் 10 முதல் 14 நாளில் உடம்பே மாறிவிடும். குருதித் திரவத்தின் கனவளவு கூடும், வியர்வை முன்கூட்டியே தொடங்கும், அதில் வெளியேறும் உப்புக் குறையும். நம் பாடசாலைகளில் நடப்பதை யோசியுங்கள். வடகீழ்ப் பருவமழையில் மைதானம் வெள்ளத்தில் கிடக்கும், பிள்ளைகள் டிசம்பர் முழுவதும் வீட்டிலும் ரியூசன் வகுப்பிலும் இருப்பார்கள். தை பிறந்து கொஞ்ச நாளில் இல்ல விளையாட்டுப் போட்டி என்று அறிவிப்பு வரும். பழக்கமில்லாத உடம்போடு ஒரேயடியாக மரதன் ஓட விடுகிறோம். இரண்டு வாரம் முன்கூட்டியே மெதுவாகத் தொடங்குவதற்குக் காசு செலவில்லை. அதிகாலையில் ஓட்டத்தை வைப்பதற்கும் செலவில்லை. இதைக் கேட்டுப் பெற பெற்றோருக்கு எல்லா உரிமையும் உண்டு.

இதயத்தையும் தலையையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டியில் டாமர் ஹாம்லின் என்ற அமெரிக்க உதைபந்தாட்ட வீரர் நெஞ்சில் மோதல் பட்டு எழுந்து நின்றவர் அப்படியே விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. ஓடிவந்து நெஞ்சை அழுத்தி உயிர் மீட்பு செய்தவர் அணியின் உதவி அத்லெட்டிக் ட்ரெய்னர் டெனி கெலிங்டன். ஹாம்லின் பிழைத்து அதே ஆண்டு மறுபடி ஆடினார். இதயத்தின் மின்சுழற்சியில் நொடியின் மிகச் சிறிய பங்கு நேரம் ஒன்றிருக்கிறது. சரியாக அந்தக் கணத்தில் அடி விழுந்தால் ஆரோக்கியமான இதயமும் தாளம் தப்பிவிடும். ஈசிஜி வரைபடத்தின் அலைகளை மனப்பாடம் செய்யும் மாணவருக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நம் நாட்டில் இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990. அது வரும்வரை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை நெஞ்சை அழுத்தத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு மைதானத்திலும் இருக்க வேண்டும்.

தலையில் அடிபட்டால் மூளைக் கலங்களில் அயன்களின் சமநிலை குலைகிறது. பொற்றாசியம் வெளியே, கல்சியம் உள்ளே. அதைத் திருத்த அதிக சக்தி வேண்டும், அதே நேரம் குருதி ஓட்டம் குறைகிறது. இந்தத் தட்டுப்பாடு தீரும் முன் இரண்டாவது அடி விழுவதுதான் ஆபத்து. காத்தான்குடியிலோ கல்முனையிலோ உதைபந்து மைதானத்தில் மோதி விழுந்த தம்பி, “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லலாம். தலை சுற்றினால், கேட்டதையே திரும்பக் கேட்டால், அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது.

இனி, இதை எங்கே எப்படிப் படிப்பது? இணையத்தில் தேடும் பிள்ளைகள் ஒரு விசயத்தில் ஏமாறக்கூடும். அமெரிக்காவில் முன்பு அத்லெட்டிக் ட்ரெய்னிங் நான்கு வருட இளமாணிப் பட்டமாகவே இருந்தது. தொழிலுக்கான தகுதியை முதுமாணி நிலைக்கு உயர்த்துவது என்று 2015 இல் முடிவெடுத்தார்கள். 2022 இலையுதிர் காலத்துக்குப் பிறகு தொழில்தகுதிக்கான அந்த இளமாணித் திட்டங்கள் புதிய மாணவரைச் சேர்க்க முடியாது. பழைய பக்கங்கள் இன்னும் கிடக்கலாம், ஆட்சேர்ப்பு முகவர்கள் அவற்றைக் காட்டவும் கூடும். கவனமாக இருங்கள்.

இப்போதைய வழி இது. முதலில் உயிரியலிலோ உடற்பயிற்சி அறிவியலிலோ இளமாணி, பிறகு ஏறக்குறைய இரண்டு வருட முதுமாணி. சில பல்கலைக்கழகங்கள் மூன்றும் இரண்டுமாகச் சேர்த்து ஐந்து வருடத்தில் முடிக்க இடம் தருகின்றன. முதுமாணிக்குள் போக முன்தேவையாக அங்கீகார அமைப்பு கேட்கும் பாடங்களைப் பாருங்கள்: உயிரியல், இரசாயனம், பௌதிகம், உளவியல், உடற்கூறு, உடற்றொழிலியல். முதல் மூன்றும் நம் உயர்தர உயிரியல் பிரிவின் பாடங்களே. அவற்றைப் பல்கலைக்கழக மட்டத்திலும் படித்திருக்க வேண்டும், ஆனால் அத்திவாரம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. முதுமாணியில் அணிகளோடும் மருத்துவ நிலையங்களோடும் நேரடிப் பயிற்சி இருக்கும், குறைந்தது நான்கு வாரம் தொடர்ச்சியாக முழுநேரம். கடைசியில் தேசியச் சான்றிதழ்ப் பரீட்சை.

இளமாணிக் காலத்தில் உயிரியல் மாணவர் என்ன படிப்பார்? கல உயிரியல், மரபியல், உடற்கூறு, உடற்றொழிலியல், உயிர் இரசாயனம். இவற்றோடு அசைவின் பொறிமுறை, உடற்பயிற்சி உடற்றொழிலியல், போசணை, புள்ளிவிபரவியல் ஆகியவற்றைத் தெரிவு செய்துகொள்ளலாம். புள்ளிவிபரவியலைப் பலர் வெறுப்பார்கள். ஒரு பயிற்சி உண்மையில் காயத்தைக் குறைத்ததா, அல்லது அந்தப் பருவம் தற்செயலாக நல்லபடியாகப் போனதா என்று பிரித்தறிய அது இல்லாமல் முடியாது.

வெளிநாடு எல்லோருக்கும் எட்டாது என்பது எனக்குத் தெரியும். நம் நாட்டில் கிட்டத்தட்ட இதே திசையில் போகும் பாதைகள் இருக்கின்றன. கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் இயன்மருத்துவப் பட்டம் உண்டு, உயிரியல் பிரிவு மாணவர்களுக்கு உரியது. சப்ரகமுவ, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகங்களில் விளையாட்டு அறிவியல் படிக்கலாம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடமும், சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமும் உயிரியல் துறைப் பட்டங்களைத் தருகின்றன. வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில் அம்பாறை, மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் இருக்கிறது. இந்தப் பட்டங்களில் எதுவும் ஒருவரை அமெரிக்கப் பொருளில் அத்லெட்டிக் ட்ரெய்னர் ஆக்கிவிடாது என்பதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். இயன்மருத்துவம் சிகிச்சைப் பக்கம் மிகக் கிட்டியது. விளையாட்டு அறிவியல் பயிற்சிப் பக்கம் கிட்டியது. உயிரியல் பட்டம் அடித்தளம், அதன்மேல் கட்ட வேண்டியது மிச்சம் இருக்கும். இசட் புள்ளியும் தகுதி விபரமும் வருடத்துக்கு வருடம் மாறுவதால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை அந்தந்த ஆண்டில் பார்ப்பதே சரி.

மருத்துவபீடம் கிடைக்காத பிள்ளைகளின் முகத்தை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். உயிரியல் படித்தால் டொக்டர், இல்லாவிட்டால் வீண் என்ற பேச்சு அவர்களின் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. “சேர், நான் விளையாட்டிலேயும் முதல் வரவில்லை, படிப்பிலேயும் முதல் வரவில்லை” என்று ஒரு பிள்ளை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இந்தத் துறைக்கு ஓட்டத்தில் முதலாவதாக வரத் தேவையே இல்லை. கையால் தொட்டுப் பார்க்கும் கூர்மை, பதறாத குணம், வலிக்கிற பிள்ளை பொய் சொல்லும்போது அதைக் கண்டுபிடிக்கும் கனிவு, உயிரியலில் உண்மையான ஆர்வம், இவைதான் வேண்டும்.

இப்போதே தொடங்க விரும்பினால் முதலுதவி வகுப்பு ஒன்றில் சேர்ந்து உயிர் மீட்பு அழுத்தத்தைக் கையால் பழகுங்கள். அப்புறம் ஒரு கொப்பி எடுங்கள். உங்கள் அணியில் யாருக்கு, எந்த நாளில், எப்படிப்பட்ட வெயிலில், எந்த மூட்டில் காயம் வந்தது, எத்தனை நாளில் திரும்பி ஆடினார் என்று எழுதி வாருங்கள். போன வருடம் எங்கள் வலைப்பந்து அணியில் இருந்த ஒரு பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுத்தேன். அவளே முழங்கால் நோவால் உட்கார்ந்திருந்தவள். மூன்று மாதம் கழித்துக் கொப்பியைக் கொண்டுவந்து விரித்தாள். “சேர், கணுக்கால் மடிந்தவர்களைப் பாருங்கள். அநேகமாக எல்லாரும் போன வருடமும் அதே காலை மடித்தவர்கள்.” நான் அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவளாகவே கண்டுபிடித்தாள்.

இப்போது எங்கள் பயிற்சி பந்தோடு தொடங்குவதில்லை. முதல் ஐந்து நிமிடம் அந்தப் பிள்ளைகள் வரிசையாக ஒற்றைக்காலில் நிற்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு. யார் எத்தனை நொடி நின்றார் என்று அவள் எழுதுகிறாள்.